ஆளுமை, ஆளுமைக் கோளாறு, வாழ்க்கையின் எட்டுப் பருவங்கள்: டெல்டா மாவட்டங்களில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் மனநல ஆலோசகராகப் பணியாற்றும் என்னிடம், பள்ளிகளிலும் நூலகங்களிலும் பேசி முடித்த பிறகு தனியே வந்து நின்று கேட்கப்பட்ட கேள்விகளே இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. பதில்களில் வரும் மனிதர்கள் எவரும் தனியொருவர் அல்லர். பலரிடம் கண்டவற்றைச் சேர்த்து, அடையாளங்களை நீக்கி எழுதியிருக்கிறேன்.

குணம் என்பதும் ஆளுமை என்பதும் ஒன்றுதானா?

ஏறத்தாழ ஒன்றுதான். ஒருவர் பல ஆண்டுகளாக, பல இடங்களில், பலரிடம் எப்படி நினைக்கிறார், உணர்கிறார், நடந்துகொள்கிறார் என்பதில் தொடர்ந்து தெரியும் போக்கையே உளவியல் ஆளுமை என்கிறது. ஜூன் 12 கடந்தும் மேட்டூர் அணை திறக்கப்படாத ஓர் ஆண்டில், குறுவைக்கு நாற்றங்கால் தயார் செய்துவிட்டுக் காத்திருக்கும் விவசாயி வீட்டில் எரிந்து விழுந்தால், அது மனநிலை. தண்ணீர் வந்த ஆண்டிலும் வராத ஆண்டிலும், வீட்டிலும் வயலிலும் கூட்டுறவுச் சங்கத்திலும் அவர் எரிந்து விழுபவராகவே இருந்தால், அது ஆளுமை. ஒருவரைச் சிடுமூஞ்சி என்று முடிவு கட்டுவதற்கு முன் "எத்தனை காலமாக? எத்தனை இடங்களில்?" என்ற இரண்டு கேள்விகளையும் கேட்டுக்கொண்டால், பாதிப் பேருக்கு அந்தப் பட்டம் பொருந்தாது.

கல்லூரியில் ஒரு தேர்வு வைத்து, நான்கு எழுத்துக் கொண்ட ஓர் ஆளுமை வகையில் என் மகளைச் சேர்த்துவிட்டார்கள். அதை நம்பி அவள் மேற்படிப்பைத் தீர்மானிக்கலாமா?

வேண்டாம். அந்தத் தேர்வின் வேர் சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் கார்ல் யுங் 1921-இல் வெளியிட்ட கருத்துகளில் இருக்கிறது. மனம் உள்நோக்கித் திரும்பியிருப்பவர், வெளியுலகை நோக்கித் திரும்பியிருப்பவர் என்ற பிரிவைப் பரவலாக்கியவர் அவரே. அதை எடுத்து விரிவாக்கி, மனிதர்களைப் பதினாறு வகையாகப் பிரிக்கும் வினாத்தாளை அமெரிக்காவைச் சேர்ந்த காதரின் பிரிக்ஸ் என்பவரும் அவருடைய மகள் இசபெல் மையர்ஸும் உருவாக்கினார்கள். இருவரும் முறையாக உளவியல் பயின்றவர்கள் அல்லர் என்பது அதன் முதன்மையான குறை அன்று. ஒரே ஆள் சில வாரங்கள் கழித்து அதே தேர்வை எழுதினால், வேறொரு வகையில் போய் விழுவது அடிக்கடி நடக்கிறது என்பதே பெரிய குறை.

இதற்குக் காரணம் எளியது. ஐந்தரை அடிக்கு மேலிருந்தால் நெட்டை, கீழிருந்தால் குட்டை என்று ஊர் மக்களை இரண்டே வரிசையில் நிறுத்தினால், கோட்டுக்கு இருபுறமும் நிற்கும் இருவர் உயரத்தில் அரை அங்குலமே வேறுபடுவார்கள். ஆனால் பெயரில் நேரெதிர் ஆகிவிடுவார்கள். மனிதர்களில் பெரும்பாலோர் கூச்சமும் கலகலப்பும் கலந்து நடுவில்தான் நிற்கிறார்கள்.

ஆகவே ஆய்வாளர்கள் வகை பிரிப்பதை விட்டு, அளவு பார்க்கும் முறைக்கு மாறினார்கள். மனிதர்களை வருணிக்க ஒரு மொழியில் எத்தனை சொற்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பார்க்கும் வேலையை ஆல்போர்ட், ஓட்பெர்ட் என்ற இருவர் செய்து 1936-இல் வெளியிட்டார்கள்; ஆங்கில அகராதியிலிருந்து ஏறத்தாழ 18,000 சொற்கள் தேறின. பின்னர் வந்தவர்கள் அவற்றைச் சலித்துச் சலித்து ஐந்து பெரும் பண்புகளுக்கு வந்து சேர்ந்தார்கள்: புதியவற்றை ஏற்கும் மனம், பொறுப்பும் ஒழுங்கும், பிறரோடு கலந்து பழகும் நாட்டம், இணக்கம், எளிதில் கலங்கும் தன்மை. நாம் அன்றாடம் சொல்லும் "கறார்ப் பேர்வழி", "இளகின மனசு", "தொட்டாற்சிணுங்கி", "வாய் ஓயாதவர்" எல்லாம் இந்த ஐந்தில் எங்கேனும் அடங்கிவிடும். இவை எல்லாரிடமும் உண்டு, அளவுதான் வேறு. உங்கள் மகள் அந்த நான்கு எழுத்துகளைத் தோழிகளோடு பேசிச் சிரிக்க வைத்துக்கொள்ளட்டும். படிப்பைத் தீர்மானிக்க அவளுடைய விருப்பமும் மதிப்பெண்ணும் வீட்டின் நிலையும் போதும்.

நட்சத்திரத்தை வைத்துக் குணத்தைச் சொல்வது பல சமயம் சரியாகவே இருக்கிறதே?

சரியாக இருப்பதுபோல் தோன்றுவதற்கு ஒரு காரணம் உண்டு. 1948-இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியலாளர் தம் மாணவர்கள் 39 பேருக்கு ஆளுமைத் தேர்வு வைத்து, ஒவ்வொருவரிடமும் "இது உனக்கான முடிவு" என்று ஒரு தாளைத் தந்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னபோது சராசரி நான்கைத் தாண்டியது. எல்லாருக்கும் அவர் தந்தது ஒரே வாசகம். அதுவும் கடையில் வாங்கிய சோதிடப் புத்தகம் ஒன்றிலிருந்து எடுத்தது. "வெளியே உறுதியாகத் தெரிந்தாலும் உள்ளே சில சமயம் கலங்குவீர்கள்" என்று யாரிடம் சொன்னாலும் ஆமாம் என்பார்கள். நம்பிக்கை அவரவர் உரிமை. ஆனால் மூலம் மாமனாருக்கு ஆகாது, ஆயில்யம் மாமியாருக்கு ஆகாது என்று ஒரு பெண்ணின் குணத்தை அவள் வீட்டுக்குள் கால் வைக்கும் முன்பே எழுதி முடித்துவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த எழுத்தைச் சுமந்தபடி முப்பது வயதில் ஆலோசனைக்கு வந்து அழும் பெண்களை நான் பார்க்கிறேன்.

பிறவிக் குணம் மட்டை வைத்துக் கட்டினாலும் போகாது என்கிறார்களே, அது உண்மையா?

பாதி உண்மை. இரட்டையர்களை வைத்துச் செய்யப்பட்ட ஆய்வுகளின்படி, மனிதர்களுக்கிடையே தெரியும் ஆளுமை வேறுபாடுகளில் பாதியளவுக்கு மரபணு காரணமாகிறது. மீதியை வாழ்க்கை எழுதுகிறது. தவிரவும், வயது ஏற ஏறப் பெரும்பாலோரிடம் பொறுப்பும் இணக்கமும் கூடுவதும் கலக்கம் குறைவதும் பல நாடுகளில் கண்டறியப்பட்டுள்ளன. இருபது வயதில் தொட்டதற்கெல்லாம் கைநீட்டியவர் நாற்பதில் பஞ்சாயத்து பேசி இரு தரப்பையும் சமாதானம் செய்து வைப்பதை நாம் ஊரிலேயே காண்கிறோம். தொட்டில் பழக்கம், ஐந்தில் வளையாதது, மட்டை வைத்துக் கட்டுவது என்று இந்த ஒரு கருத்துக்கு நம்மிடம் இத்தனை பழமொழிகள் இருப்பது எனக்கு வருத்தம் தருவது. மாற முயல்கிறவரின் கையை அவை பிடித்து இழுத்துவிடுகின்றன.

அப்படியென்றால் எது வெறும் குணம், எது கோளாறு?

ஒருவரைப் பிறருக்குப் பிடிக்காமல் போவது கோளாறு ஆகாது. பங்காளியோடு வரப்புத் தகராறில் பத்து ஆண்டு வழக்காடுகிறவர் பிடிவாதக்காரராக இருக்கலாம். அவர் பிள்ளைகளோடு சிரித்துப் பேசி, நண்பர்களோடு டீக்கடையில் உட்கார்ந்து, வேலையை ஒழுங்காகப் பார்த்தால் அவருக்கு எந்த நோய்ப் பெயரும் தேவையில்லை.

தம்மைப் பற்றிய எண்ணமும் பிறரோடு பழகும் விதமும், வளரிளம் பருவத்திலோ இளமையின் தொடக்கத்திலோ ஆரம்பித்து, ஆண்டுக்கணக்கில், ஏறக்குறைய எல்லா இடங்களிலும் வளைந்துகொடுக்காத ஒரே போக்கில் அமைந்து, அதனால் அவருக்கோ சுற்றியிருப்பவர்களுக்கோ கடுமையான துன்பமும், வேலையிலும் உறவிலும் முறிவும் ஏற்படும்போதுதான் ஆளுமைக் கோளாறு என்ற சொல்லை மருத்துவர் எடுக்கிறார். குடி, மூளைக் காயம், மனச்சோர்வு, மனச்சிதைவு போன்றவை அதற்குக் காரணமல்ல என்பதையும் உறுதி செய்தாக வேண்டும். அவர் வாழும் சூழலின் வழக்கத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். முப்பது வயதிலும் அப்பாவைக் கேட்டுத்தான் நிலத்தை அடமானம் வைப்பேன் என்பவரை வேறு நாட்டில் சார்ந்து வாழ்பவர் என்று குறிக்கக்கூடும். கூட்டுக் குடும்பத்தில் அது இயல்பு.

இதில் எத்தனை வகைகள் உண்டு?

அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட டி.எஸ்.எம்.-5 கையேடு பத்து வகைகளைச் சொல்லி, மூன்று தொகுதிகளாக வைக்கிறது. முதல் தொகுதியில் எவரையும் நம்பாத ஐயப் போக்கு, உறவே வேண்டாத ஒதுக்கம், விசித்திரமான எண்ணப் போக்கு ஆகிய மூன்றும் வருகின்றன. இரண்டாவதில் சமூக விரோதப் போக்கு, எல்லைநிலை, எப்போதும் கவனம் வேண்டும் நாடகத்தன்மை, தன்மோகம் ஆகிய நான்கும், மூன்றாவதில் அச்சத்தால் விலகுதல், பிறரையே சார்ந்திருத்தல், ஒழுங்கு வெறி ஆகிய மூன்றும் இடம்பெறுகின்றன.

உலக சுகாதார நிறுவனமோ 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த ஐ.சி.டி.-11 நோய்ப் பட்டியலில் இந்த வகைகளையே ஏறக்குறைய கைவிட்டுவிட்டது. ஆளுமைக் கோளாறு என்ற ஒரே பெயரை வைத்து, அது லேசானதா, நடுத்தரமா, கடுமையானதா என்று பார்க்கச் சொல்கிறது. எந்தப் பண்பு ஓங்கியிருக்கிறது என்பதைப் பின்னால் சேர்த்துக்கொள்ளலாம். எல்லைநிலைப் போக்குக்கு மட்டும் தனிக் குறிப்பு உண்டு. எனக்கு இந்த இரண்டாவது முறையே நியாயமாகப் படுகிறது. ஒருவரைப் பார்த்து "நீ இந்த வகை" என்பதைக் காட்டிலும் "உனக்கு இவ்வளவு சிரமம் இருக்கிறது" என்பது அவரை அடுத்த பேச்சுக்கு அழைக்கிறது.

என் கணவர் எல்லாவற்றிலும் அளவுக்கு மீறி ஒழுங்கு பார்க்கிறார். இதுதான் ஓ.சி.டி. எனப்படும் எண்ணச் சுழற்சி நோயா?

இரண்டையும் வேறுபடுத்திப் பார்க்க வேண்டும். ஒருவர் இரவு படுத்த பிறகு மோட்டார் கொட்டகையின் பூட்டைப் பார்த்து வர எழுகிறார். டார்ச்சை எடுத்துக்கொண்டு வரப்பில் நடந்து போய், பூட்டை இழுத்துப் பார்த்து, திரும்பி வந்து படுத்ததும் மறுபடியும் சந்தேகம் வருகிறது. ஏழெட்டு முறை நடக்கிறது. மனைவி விழித்துவிடக் கூடாதே என்று செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போகிறார். மனைவியோ விழித்தபடியேதான் படுத்திருக்கிறார். தாம் செய்வது அர்த்தமற்றது என்று அவருக்கே தெரியும், வெட்கப்படுகிறார், நிறுத்த முடியவில்லை. இது எண்ணச் சுழற்சி நோய். மருந்தும் பயிற்சியும் நன்றாகக் கைகொடுக்கும்.

இன்னொருவர் நடவு வரிசை ஒரு விரல் கோணினாலும் பெண்களைக் கரையேற விடாமல் பிடுங்கி மறுபடி நடச் சொல்கிறார். நாற்று முடிச்சை எண்ணுகிறார். எண்ணியதை நோட்டில் எழுதுகிறார். எழுதியதைச் சரிபார்க்க மகனை உட்கார வைக்கிறார். நடவு இழுத்துப் போய், முறைத் தண்ணீர் வரும் நாளைத் தவறவிட்டு, மறு ஆண்டு ஆள்கள் அவர் வயலுக்கு வர மறுக்கிறார்கள். அவருக்கோ தாம் செய்வது சரி என்பதில் ஐயமே இல்லை. உலகம்தான் பொறுப்பில்லாமல் இருக்கிறது என்கிறார். இது ஒழுங்கு வெறி ஆளுமைப் போக்கு. முதலாமவர் உதவி கேட்டு வருவார். இரண்டாமவரை அவருடைய தனிமைதான் ஒருநாள் அழைத்து வரும். அப்போது வீட்டார் "நாங்கள் சொன்னோமே" என்று சொல்லாமல் இருப்பது பேருதவி.

மருமகள் கோபம் வந்தால் கையைக் கீறிக்கொள்கிறாள். ஒருநாள் எங்களைத் தெய்வம் என்கிறாள், மறுநாள் பகைவர் என்கிறாள். இது நடிப்பா?

நடிப்பு அன்று. எல்லைநிலை ஆளுமைக் கோளாறாக இருக்க வாய்ப்புண்டு; அதை மனநல மருத்துவர் நேரில் பார்த்தே சொல்ல வேண்டும். கைவிடப்படுவோமோ என்ற பேரச்சம், உச்சிக்கும் அடிமட்டத்துக்கும் தாவும் உறவுகள், தான் யார் என்பதிலேயே உறுதியின்மை, அவசரச் செயல்கள், தன்னைக் காயப்படுத்திக்கொள்ளுதல், மணிக்கு மணி மாறும் உணர்வு, உள்ளே ஏதுமற்ற வெறுமை, அடக்க முடியாத கோபம், நெருக்கடியில் எல்லாரையும் சந்தேகிப்பது அல்லது தன்னைவிட்டே விலகிப்போனதுபோல் உணர்வது என்று ஒன்பது அடையாளங்களைக் கையேடு சொல்கிறது. அவற்றில் குறைந்தது ஐந்து நிலைத்திருக்க வேண்டும்.

கணவர் சிங்கப்பூரில் இருக்கும் ஓர் இளம்பெண்ணின் கைப்பேசியை அவளுடைய ஒப்புதலோடு பார்த்தேன். ஒரே மாலையில் நாற்பத்து மூன்று அழைப்புகள். கணவர் வேலை முடிந்து எடுத்தபோது அவள் பேசவே இல்லை, அழைப்பைத் துண்டித்துவிட்டாள். "எடுக்கல என்றவுடனே அவர் செத்துட்டார், இல்லன்னா என்னை விட்டுட்டார்; மூணாவதா ஒன்னு இருக்கும்னு அப்ப எனக்குத் தோணவே இல்ல" என்றாள். மூன்றாவதாக ஒன்று, அதாவது அவர் வேலையில் இருக்கலாம் என்பது, மற்றவர்களுக்குத் தானாகத் தோன்றுகிறது. அவளுக்கு அதைக் கற்றுத்தர வேண்டியிருந்தது. காயப்படுத்திக்கொள்வதும் பலருக்குத் தாங்க முடியாத உள்வலியைக் கொஞ்சம் இறக்கி வைக்கும் வழியாகவே இருக்கிறது. அதை மிரட்டல் என்று ஒதுக்கினால் வலி கூடும்; ஒவ்வொரு முறையும் கேட்டதையெல்லாம் கொடுத்தால் அந்த வழியே பழகிப்போகும். பதறாமல் அருகில் உட்கார்ந்து, காயத்துக்கு மருந்திட்டு, "உனக்கு ரொம்ப வலிக்குதுன்னு தெரியுது, நாளைக்கு டாக்டரிடம் சேர்ந்தே போவோம்" என்று சொல்லி அதன்படியே செய்வதே நடுவழி.

இன்னொன்றைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். நம் வீடுகளில் பூச்சிமருந்து எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறது. அதை வீட்டைவிட்டு அகற்றுங்கள், அல்லது பூட்டிச் சாவியை வேறொருவரிடம் கொடுங்கள். கொந்தளிப்பான வேளை பெரும்பாலும் சிறிது நேரத்தில் தணிந்துவிடுகிறது. அந்தச் சிறிது நேரத்தில் கைக்கு எது அகப்படுகிறது என்பதே உயிரைத் தீர்மானிக்கிறது.

தற்கொலைக்கு முயன்றவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோனால் போலீஸ் கேஸ் ஆகிவிடாதா?

தயங்காமல் 108-ஐ அழையுங்கள். 2018 மே முதல் நடைமுறையில் உள்ள மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-இன் 115-ஆம் பிரிவு, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும் என்றும், அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமை என்றும் சொல்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் சட்டத்தில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309-ஆம் பிரிவு இடம்பெறவில்லை. மருத்துவமனை காவல்துறைக்குத் தகவல் தரும். அதற்குப் பயந்து ஒரு மணி நேரத்தை இழந்துவிடாதீர்கள்.

இதற்கெல்லாம் வளர்ப்புதான் காரணமா? தாயாக நான் எங்கே தவறினேன்?

இந்தக் கேள்வியைத் தந்தையர் கேட்டு நான் அரிதாகவே கேட்டிருக்கிறேன். எளிதில் கலங்கும் உடல்வாகோடு பிறப்பது, சிறுவயதில் அடி, பாலியல் கொடுமை, புறக்கணிப்பு, பிரிவு, உணர்வைச் சொன்னபோதெல்லாம் "இதுக்கெல்லாமா அழுவாங்க" என்று அடக்கப்பட்டது ஆகியவை வெவ்வேறு அளவில் சேர்கின்றன. ஒரே தாய் வளர்த்த மூவரில் ஒருவருக்கு வருகிறது, இருவருக்கு வருவதில்லை. தவறைத் தேடும் நேரத்தைச் சிகிச்சைக்குத் துணை நிற்பதில் செலவிடுங்கள்.

ஆளுமைக் கோளாறு குணமாகுமா? மாத்திரை உண்டா?

எல்லைநிலைக் கோளாற்றுக்கென்று தனி மாத்திரை கிடையாது. உடனிருக்கும் மனச்சோர்வுக்கோ உறக்கமின்மைக்கோ மருந்து தரப்படலாம். முதன்மையான சிகிச்சை பேச்சுவழிச் சிகிச்சையே. மார்ஷா லினஹன் என்ற அமெரிக்க உளவியலாளர் வகுத்த இயங்கியல் நடத்தைச் சிகிச்சை, கொந்தளிப்பைத் தாங்குவதையும், உணர்வுக்குப் பெயர் வைப்பதையும், உறவு முறியாமல் கேட்க வேண்டியதைக் கேட்பதையும் ஒரு கைத்தொழிலைப்போல் படிப்படியாகக் கற்றுத்தருகிறது. தாமும் பதின்ம வயதில் மனநல மருத்துவமனையில் நெடுநாள் இருந்தவர் என்பதை அவர் 2011-இல் வெளிப்படையாகச் சொன்னார். இந்தச் செய்தியைச் சொல்லும்போது எதிரில் இருப்பவரின் முகம் நிமிர்வதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

மாறுவார்களா என்பதற்கு நல்ல சான்று இருக்கிறது. எல்லைநிலைக் கோளாற்றுக்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட 290 பேரைப் பத்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த அமெரிக்க ஆய்வில், 93 விழுக்காட்டினரிடம் அடையாளங்கள் குறைந்து, அந்தத் தணிவு குறைந்தது இரண்டு ஆண்டுகள் நீடித்தது. வேலையும் உறவும் சேர்ந்து நிலைத்தவர்கள் பாதிப் பேர்தான் என்பதையும் மறைக்கக் கூடாது. அடையாளம் தணிவது முதலில் வரும். வாழ்க்கை ஊன்றி நிற்பதற்கு இன்னும் காலமும், நம்பி வேலை கொடுக்கும் மனிதர்களும் வேண்டும். சமூக விரோதப் போக்கில் இந்த அளவுக்கு நம்பிக்கையாகச் சொல்வதற்கில்லை; பதினெட்டு வயதுக்கு முன் அந்தப் பெயரை எவருக்கும் வைக்கக் கூடாது என்று கையேடே தடுக்கிறது.

எரிக்சன் சொன்ன எட்டுப் பருவங்கள் என்பவை என்ன?

உளவியலாளர் எரிக் எரிக்சன் 1902-இல் ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட் நகரில் பிறந்தார். பெற்ற தந்தை யார் என்பது அவருக்குக் கடைசிவரை தெரியவில்லை. மாற்றாந்தந்தையின் ஹோம்பர்கர் என்ற பெயரோடு வளர்ந்து, அமெரிக்கக் குடியுரிமை பெற்றபோது எரிக்சன், அதாவது எரிக்கின் மகன், என்று தமக்குத் தாமே பெயர் வைத்துக்கொண்டார். நான் யார் என்ற கேள்வியை உளவியலின் நடுவே கொண்டுவந்து வைத்தவர் அப்படிப்பட்டவராக இருந்ததில் வியப்பில்லை. 1918-ஆம் ஆண்டு அகமதாபாத் ஆலைத் தொழிலாளர் போராட்டத்தை மையமாக வைத்துக் காந்தியடிகளைப் பற்றி அவர் எழுதிய நூல் 1969-இல் வெளிவந்து புலிட்சர் பரிசு பெற்றது.

1950-இல் அவர் முன்வைத்த கருத்து இது: ஆளுமை ஐந்து வயதில் முடிந்துவிடுவதில்லை, சாகும்வரை ஒவ்வொரு பருவமும் ஒரு கேள்வியைக் கேட்கிறது. பிறந்த முதல் ஓராண்டில், அழுதால் யாராவது வருவார்களா என்பது கேள்வி. வந்தால் உலகின்மேல் நம்பிக்கை ஊன்றுகிறது. இரண்டு மூன்று வயதில் "நானே, நானே" என்று ரசம் சோற்றைப் பிசைந்து பாதியைத் தரையில் சிந்தும் குழந்தை, தன்னால் முடியும் என்பதைச் சோதித்துப் பார்க்கிறது. சிந்தியதற்கு அடி விழுந்தால் வெட்கமும் ஐயமும் மிஞ்சும். அதன் பிறகு பள்ளிக்கு முந்தைய வயதில், நுங்குக் கூந்தலை வைத்து வண்டி செய்வதும், பாட்டியோடு சேர்ந்து தானும் கோலம் போடுவேன் என்று மாவை வாரி இறைப்பதுமாக முன்முயற்சி பிறக்கிறது. பள்ளி வயதில் ஒரு வேலையை முடித்துக்காட்டும் திறமை வளர வேண்டும். இந்த நான்காம் பருவத்தில் நாம் அதிகம் தவறுகிறோம் என்பது என் எண்ணம். வாய்ப்பாடு வராததற்காக மக்கு என்று அழைக்கப்பட்ட பிள்ளை, வாய்க்காலில் மடை திறந்து அளவாகத் தண்ணீர் விடத் தெரிந்தவனாக இருந்தாலும் அது திறமைக் கணக்கில் சேர்வதில்லை.

வளரிளம் பருவத்தில் தன்னடையாளம், இளமையில் இன்னொருவரோடு தன்னை இழக்காமல் நெருங்கும் ஆற்றல், நடுவயதில் அடுத்த தலைமுறைக்கு எதையாவது ஆக்கித் தருவது, முதுமையில் வாழ்ந்த வாழ்க்கையை ஏற்றுக்கொள்வது என்று அது தொடர்கிறது. ஒரு பருவத்தில் சறுக்கினால் கதவு சாத்தப்படுவதில்லை. பின்னால் வரும் ஆசிரியரோ துணையோ பழைய கணக்கைத் திருத்த முடியும். எரிக்சனின் வயது எல்லைகள் மேலை நாட்டு வாழ்க்கையை ஒட்டியவை. பதினெட்டு வயதில் மணமாகி, "நான் யார்" என்று கேட்கும் முன்பே தாயான நம் பெண்கள் பலர், பிள்ளைகளைக் கரைசேர்த்த பிறகு நாற்பத்தைந்தில் அந்தக் கேள்வியோடு வருகிறார்கள். அது வயதுக்கு மீறிய கேள்வி அன்று, தள்ளிவைக்கப்பட்ட கேள்வி.

மகன் பொறியியல் முடித்தான். வேலைக்கும் போகவில்லை, விவசாயமும் பார்க்கவில்லை. சோம்பலா, நோயா?

இரண்டும் இல்லாமல் இருக்கலாம். ஜேம்ஸ் மார்சியா என்பவர் எரிக்சனின் கருத்தை எடுத்து 1966-இல் நான்கு நிலைகளைக் காட்டினார். தேடிப் பார்த்துத் தெளிந்தவர், தேடிக்கொண்டே இருப்பவர், தேடாமலே பிறர் தந்ததை ஏற்றவர், தேடவும் இல்லாமல் ஏற்கவும் இல்லாமல் மிதப்பவர். அண்ணன் படித்தான், மாமா பையன் படித்தான் என்று பொறியியலில் சேர்ந்தவர் மூன்றாம் நிலையில் நான்கு ஆண்டுகளைக் கழித்து, கையில் பட்டத்தோடு இப்போதுதான் இரண்டாம் நிலைக்கு வந்திருக்கலாம். கெடு வைத்துக் கேளுங்கள், ஆனால் கேட்பதைக் கேட்டுவிட்டுக் காத்திருங்கள். உறக்கம், உணவு, குளியல், நண்பர்கள் எல்லாம் குறைந்து அறைக்குள்ளேயே அடைந்திருந்தால் மட்டும் தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள்.

கஜா புயலில் தென்னந்தோப்பு போன பிறகு அப்பா யாரோடும் பேசுவதில்லை. ஆளுமை மாறிவிட்டதா?

2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த அந்தப் புயல், பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்தில் ஒரே இரவில் சாய்த்த மரங்களைக் கணக்கிட வருவாய்த்துறை வந்தது. மரத்தோடு சாய்ந்த மனங்களைக் கணக்கிட எவரும் வரவில்லை. நெட்டைத் தென்னை காய்க்க ஆறேழு ஆண்டுகள் ஆகும். ஐம்பத்தெட்டு வயதில் தோப்பை இழந்தவர் தம் மிச்ச வாழ்நாளை அந்தக் கணக்கில் வைத்தே பார்க்கிறார். முன்பு கலகலப்பாக இருந்து ஒரு பேரிழப்புக்குப் பின் ஒடுங்கியவருக்கு இருப்பது ஆளுமைக் கோளாறு அன்று; பெரும்பாலும் மனச்சோர்வு அல்லது பேரதிர்ச்சிக்குப் பிந்தைய பாதிப்பு. ஆண்டுகள் கடந்திருந்தாலும் சிகிச்சை பலன் தரும்.

இத்தகைய இழப்பு ஏதும் இல்லாமல், ஐம்பது வயதுக்கு மேல் குணம் திடீரென மாறினால், உதாரணமாக வெட்கம் மிகுந்தவர் ஆபாசமாகப் பேசினால், சிக்கனமானவர் பணத்தை வாரி இறைத்தால், முதலில் மூளையையும் தைராய்டையும் பரிசோதிக்க வேண்டும். மறதி நோய்களில் ஒரு வகை மறதிக்கு முன்னால் குணமாற்றமாகவே தொடங்குகிறது.

அம்மாவுக்கு 74 வயது. பழைய குறைகளையே திரும்பத் திரும்பச் சொல்கிறார். என்ன செய்வது?

பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, பூட்டிய அறைகள் கொண்ட பெரிய வீட்டின் திண்ணையில் தனியே உட்கார்ந்திருக்கும் தாய்மார்கள் நம் ஊர்களில் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். இது எட்டாம் பருவத்தின் வேலை. தம் வாழ்க்கையை மறுபடியும் எடுத்துப் பார்த்து, அது வீண் போகவில்லை என்று உறுதி செய்துகொள்ளப் பார்க்கிறார்கள். "எத்தனை தடவைம்மா இதையே சொல்லுவ" என்று தடுக்காமல், "அப்புறம் நீ என்ன பண்ணின?" என்று கேளுங்கள். குறையாகத் தொடங்கும் கதையில் அவர் சமாளித்த இடம் ஒன்று இருக்கும். அந்தக் கேள்வி அவரை அங்கே கொண்டுபோய் விடும். உணவும் உறக்கமும் குறைந்து, சாவைப் பற்றியே பேசினால் அது முதுமையின் இயல்பு என்று விட்டுவிடக் கூடாது.

குணசீலத்துக்கு அழைத்துப் போகலாமா?

திருச்சிக்கு மேற்கே காவிரியின் வடகரையில் உள்ள குணசீலம் பிரசன்ன வேங்கடாசலபதி கோயிலுக்கு, மனம் கலங்கியவர்களை அழைத்து வந்து ஒரு மண்டலம் தங்க வைப்பது நெடுநாளைய வழக்கம். போய் வாருங்கள், வழிபாடும் ஆற்றங்கரையும் பலருக்கு ஆறுதல் தருகின்றன. ஆனால் மருந்தை நிறுத்திவிட்டுப் போகாதீர்கள். எவரையும் கட்டிவைக்கும் இடத்தில் விடாதீர்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியால் பிணைக்கப்பட்ட 28 பேர் தீயில் மாண்டதை இந்த மாநிலம் மறக்கக் கூடாது.

முதலில் எங்கே போக வேண்டும்? என்ன எடுத்துச் செல்ல வேண்டும்?

மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும், தஞ்சாவூர், திருவாரூர் உள்ளிட்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு உண்டு. நேரில் போகத் தயக்கம் இருந்தால் 14416 என்ற டெலிமானஸ் அரசு மனநல உதவி எண்ணை எந்த நேரத்திலும் இலவசமாக அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

போகும்போது ஒரு நாற்பது பக்க நோட்டில் மூன்று விஷயங்களை எழுதி எடுத்துச் செல்லுங்கள். இந்தச் சிரமம் எந்த வயதில் தொடங்கியது. எங்கெல்லாம் தெரிகிறது, எங்கே தெரிவதில்லை. அவர் நன்றாக இருந்த காலம் எது, அப்போது உடன் இருந்தவர் யார். கடைசிக் கேள்வியை எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். கோளாற்றுப் பெயரை நீங்களே எழுதிக்கொண்டு போகாதீர்கள். நோட்டை அவருக்குத் தெரியாமல் எழுதாதீர்கள். முடிந்தால் கடைசிப் பக்கத்தை அவரே எழுதட்டும். மருத்துவரிடம் போனதும் நீங்கள் பேசுவதற்கு முன் அவரைப் பேச விட்டுவிட்டு, வெளியே பெஞ்சில் கொஞ்ச நேரம் காத்திருங்கள்.